ஆறாவது விரல்

இலக்கியா அழித்துவிட்ட முத்தாள், மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடியும் பதில் போட்டிருந்தாள்.

'எரியத்தான் செய்யும். எரிஞ்சா கெட்டது வெளியேறுதுன்னு அர்த்தம். விடாம பிடிங்க.'

அந்த வரியை எழுதியதே இலக்கியாதான். கந்தர்வக்கோட்டையில் சந்திரசேகர் மாமா விற்கும் புண் எண்ணெயைப் புகழ்ந்து எழுத, ப்ளஸ் டூ லீவில், உலகத்தில் இல்லாத நாற்பது பேரைப் போனில் உண்டாக்கியிருந்தாள். பெயர் அவள் வைத்தது. முகம் ஒரு ஆப் வரைந்து கொடுத்தது. எவராவது சந்தேகம் கேட்டால் நாற்பது பேரும் தாங்களாகவே பதில் சொல்வார்கள். முத்தாளின் படத்தில், கன்னத்தில் வைத்த கையில் ஆறு விரல் விழுந்திருந்தது. இத்தனூண்டு படத்தில் யார் எண்ணப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மாமா அதில் கலப்பது முந்திரி ஓட்டு எண்ணெய் என்று தெரிந்த அன்றே நாற்பது பேரையும் அழித்தாள். கொட்டை உடைக்கிறவர்களின் கைகளை அது எப்படி உரித்துப்போடும் என்று பார்த்து வளர்ந்தவள்.

இப்போது நாற்பது பேரும் திரும்ப இருந்தார்கள்.

மழை இருட்டு கட்டி, கரண்ட் போய், ஃபேன் கடைசிச் சுற்றை முனகிக்கொண்டே முடித்த அந்த வீட்டில், தோப்பிலிருந்து வந்த ஈரமண் வாசனைக்கு அடியில், முந்திரி ஓடு கருகும் நெடி ஒன்று அடுப்படியிலிருந்து மெல்லக் கூடத்துக்கு வந்து தொண்டையில் நூலாக இறங்கியது. கூடவே அம்மாவின் பேச்சுச் சத்தம்.

"யார்கிட்டம்மா பேசுற?"

"முத்தாக்காகிட்டடி."

இலக்கியா அடுப்படிக்குள் போனாள். அம்மா உமா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். இடது பாதத்தில் ஒரு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். மடியில் போன். பக்கத்தில் மாமாவின் பாட்டில்.

"மாத்திரைய நிப்பாட்டி பதினெட்டு நாளாச்சு. இனி எண்ணெ போடலாங்கிறாக."

"அப்படி ஒரு பொம்பளையே கிடையாதும்மா. நாந்தான் உண்டாக்குனேன். எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

உமா சிரித்தாள். "ஒனக்கு ஒரு ரசம் உண்டாக்கத் தெரியுமாடி? தெனமும் சாப்பிட்டியான்னு அவுகதான் கேக்குறாக. சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஒங்கப்பா கேக்குறாரா? இங்கிட்டு இருந்துக்கிட்டு நீ கேக்குறியா?"



"உமா, பாப்பா பயப்படுது. நீ ஊத்து" என்றது போன்.

முத்தாளுக்கு இலக்கியா குரல் கொடுத்ததே இல்லை.

பாட்டிலைப் பிடுங்கப் பாய்ந்தாள். அதற்குள் உமா புண்ணில் கவிழ்த்துவிட்டாள். தோல் வெளுத்தது. கறுத்தது. கொப்புளங்கள் கண்ணெதிரே பொங்கி வெடித்தன. அலறிக்கொண்டே உமா உதைத்த உதையில் இலக்கியாவின் மண்டை கிரைண்டர் விளிம்பில் மோதியது. சூடாகக் கண்ணுக்குள் இறங்கியது ரத்தம். அம்மாவை அக்குளில் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். பாதத்தின் தோல் தரையிலேயே ஒட்டி நின்றது.

"விடாம பிடிங்க" என்றது போன்.

குழவியை எடுத்து போனை அடித்தாள். கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்தாள். தூளாகும் வரை அடித்தாள்.

"விடாம பிடிங்க."

கூடத்திலிருந்து. ஜன்னலுக்கு வெளியிலிருந்து. காதுக்குப் பக்கத்திலிருந்து.

உமாவின் கால் அசையவில்லை. உடம்பு துள்ளியது. கால் மட்டும் அசையவில்லை.

கெண்டைச் சதையில் ஒரு பள்ளம் அமுங்கியது. விரல் அளவு.

ரெண்டு.

மூணு.

நாலு. அஞ்சு.

ஆறு.

பிறகு தோளில். கழுத்தில். வாயின் மேல். எண்பது கைகளின் தடமும் அந்த உடம்பில் அமுங்கி அமுங்கி விழுந்தன. அலறல் உள்ளேயே அடைந்தது. தரையிலிருந்த பாட்டில் எழும்பி, அம்மாவின் திறந்த கண்ணுக்கு மேலே வந்து சாய்ந்தது.

இலக்கியாவின் கன்னத்தை ஈரமான உள்ளங்கை ஒன்று தடவியது.

"பாப்பா, சாப்பிட்டியா?"