ஈரக் கண்ணாடி, காய்ந்த செருப்பு

காலையிலிருந்து கப்பல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பயணிகள் எல்லாத் தளங்களிலும் கம்பியோரம் நெருக்கியடித்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அலையில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் ஒரு முணுமுணுப்பு எழும். அது நிழலாகவோ நுரையாகவோ மாறியதும் அடங்கிவிடும். கரை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டமே இல்லை. ஒரு மூலை மேசையில் ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் கணவர், வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். வீட்டில் இருப்பவை எல்லாம் துப்பறியும் நாவல்கள். மனைவி வேலையில் இருந்த காலத்தில், கேட்காத யோசனைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறியவர்.

"தினம் புதுப் பூ வைப்பாங்க. இன்னிக்கு நேத்து வச்சதே தலை தொங்கிக் கிடக்கு பாரு," என்றார் வாத்தியார், மேசை நடுவே இருந்த ஜாடியைக் காட்டி.

"ஒரு மனுஷனைக் காணோம்னு கப்பலே கலங்கிக் கிடக்கு. உங்களுக்குப் பூ வாடினது கண்ணுல படுது."

"கண்ணுல பட்டதைச் சொன்னேன்மா. அதுவும் தப்பா?"

அப்போது ஒரு பெண் வேகமாக அவர்களை நோக்கி வந்தாள். தலை கலைந்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் கப்பல் சீருடையில் ஓர் இளைஞன் ஓடி வந்தான்.

"இன்ஸ்பெக்டரம்மா நீங்கதானே? காணாமப் போனது என் வீட்டுக்காரர்தான். மருந்துக்கடை வச்சிருக்கார். சாயங்காலம் வரைக்கும்தான் தேடுவாங்களாம். அப்புறம் கப்பலைக் கிளப்பிடுவாங்களாம். அம்மா, நான் நர்ஸ். தண்ணியில ஒரு மனுஷன் எவ்வளவு தாங்குவான்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா அவர் குதிக்கலம்மா. குதிக்கிற ஆளே இல்ல."

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

குடிக்க முடியவில்லை. இளைஞன்தான் டம்ளரை வாங்கி வைத்தான்.

"இவர் யாரு?"

"என் கொழுந்தன். இந்தக் கப்பல்லதான் வேலை. பூ அலங்காரம் எல்லாம் இவன் பொறுப்பு. எங்களைக் கூட்டிட்டு வந்ததே இவன்தான். நான் கல்யாணமாகி வந்தப்போ இவனுக்குப் பால்பல்லுகூட விழல."

கப்பலில் எல்லோரும் அவனைப் பூக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் தலையைக் குனிந்தபடியே பேசினான்.

"விடியறதுக்கு முன்னாடி பின்தளத்துல அண்ணன் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னான். போய்ப் படுண்ணேன்னு சொன்னேன். பதிலே இல்ல. அப்புறம்தான் மழை பிடிச்சுது. நான் வேலைக்குப் போயிட்டேன். மழை விட்டதும் அங்க செருப்பும் மூக்குக்கண்ணாடியும் கிடந்ததாச் சொன்னாங்க."

"என்ன கவலை அவருக்கு?"

"ஒரு கவலையும் இல்லம்மா!" என்று நர்ஸ் குறுக்கிட்டாள். "நேத்து ராத்திரி மட்டும் ஒருமாதிரி இருந்தார். 'தம்பிகிட்ட ஒண்ணு பேசணும், காலையில பேசறேன்'னு சொன்னார். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஒண்ணும் பேசலையே," என்றான் பூக்காரன். பிறகு அவள் தோளை மெல்லத் தொட்டான். "அண்ணி, வாங்க. இந்நேரம் அண்ணன் குளிர்ல விறைச்சுப் போயிருப்பான். நம்ம கையில என்ன இருக்கு?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு குமுறினாள். இன்ஸ்பெக்டர் பூக்காரனின் சட்டையைப் பார்த்தார். புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"ஒண்ணு சொல்லும்மா. உங்க அறையில ஏசி ஓடுமா?"

நர்ஸுக்குக் கேள்வி புரியவில்லை. "இல்லம்மா. அவருக்கு ஆகாது. தும்ம ஆரம்பிச்சா நிக்காது. ஏறின நாள்லேருந்து நிறுத்தித்தான் வச்சிருக்கோம்."

"சரி. நீ அறைக்குப் போ. நான் வர்றேன்."

பின்தளத்தில் தளம் துடைக்கிறவர் வாளியோடு நின்றிருந்தார். காலையிலிருந்து பலரிடம் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தார்.

"மழை விட்டதும் துடைக்க வந்தேன். இதோ இந்த இடத்துல செருப்பு ஜோடியா இருந்துச்சு. மேல கண்ணாடி மடிச்சு வச்சிருந்துச்சு."

"செருப்பு நனைஞ்சிருந்துதா?"

"இல்லம்மா, காஞ்ச செருப்பு. எடுத்துப் பார்த்தா அதுக்கு அடியில தரைதான் ஈரம்."

"கண்ணாடி?"

"அது ஈரமா இருந்துச்சும்மா. ரெண்டு பக்கமும் மங்கிப்போய், ஓரத்துல தண்ணி முத்துமுத்தாக் கோத்திருந்துச்சு. என் துண்டாலதான் துடைச்சேன்."

வாத்தியாருக்கு உற்சாகம் தலைக்கேறியது. மனைவியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"கேட்டியா? மழைக்கு முன்னாடியே குதிச்சிருந்தா செருப்பு தொப்பலா நனைஞ்சிருக்கணும். ஆக, மழைக்கு அப்புறம்தான் வச்சிருக்காங்க. இந்த ஆள்தான் முதல்ல பார்த்ததாச் சொல்றார். இவர் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"தப்பு பண்ணினவர் செருப்பு காஞ்சிருந்துச்சுன்னு வாயை விட்டுச் சொல்வாரா? நனைஞ்சிருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பார்."

வாத்தியார் கொஞ்சம் சுருங்கினார். "அப்ப கண்ணாடியில தண்ணி ஏது? அலை தெறிச்சிருக்குமோ?"

"கடல் தண்ணி காஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும். அவர் துண்டைப் பாருங்க, கறையே இல்ல. தவிர, கண்ணாடி மேல தெறிச்ச தண்ணி அதுக்கு அடியில இருக்கிற செருப்பை மட்டும் விட்டுவைக்குமா?"

இன்ஸ்பெக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாய்ந்துகொண்டிருந்த வெயில் முதுகைச் சுட்டது. சற்றுத் தள்ளி ஒரு படகு தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது.

"பாவம்," என்றார் வாத்தியார். "அந்தத் தம்பி சொன்னதை நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது. விறைச்சுப் போயிருப்பான்னானே! அதுகூடப் பூகோளப்படி தப்பு. இது வெப்பமண்டலக் கடல். தண்ணி குளிக்க விளாவின மாதிரி வெதுவெதுன்னு இருக்கும். இங்க மூழ்கிச் சாகலாம், களைச்சுச் சாகலாம். விறைச்சுச் சாக..."

"என்ன சொன்னீங்க?"

மனைவியின் குரல் மாறியதைக் கேட்டு வாத்தியார் திடுக்கிட்டார். கல்யாணமானதிலிருந்து அந்தக் குரல் உயர்ந்து கேட்டதே அபூர்வம்.

"வெதுவெதுன்னு..."

"குளிர்ல இருந்த கண்ணாடியை இந்தப் புழுக்கத்துல கொண்டாந்து வச்சா என்னங்க ஆகும்? மங்கிப்போய்த் தண்ணி கோக்கும். நாலு பேர் பார்க்கிறதுக்குள்ள காஞ்சும் போயிடும். இவர் உடனே வந்ததால பார்த்திருக்கார். அறையில ஏசியே போடாத மனுஷனோட கண்ணாடி அப்படிக் குளிர்ந்தது எங்க?" அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். "மேசையில ஏன் நேத்துப் பூ இருக்கு? வாங்க, ஓடுங்க!"

மேல்தளத்து அறையில் கேப்டன் மைக்கைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். தேடலை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு அவர் நாக்கு நுனியில் நின்றது. நர்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பூக்காரன் அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேப்டன், கப்பலுக்கு உள்ள தேடினது யாரு?" வாசலிலேயே நின்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அவங்கவங்க பகுதியை அவங்கவங்க தேடிட்டாங்கம்மா. ஒரு மூலை பாக்கியில்ல."

"பூ வைக்கிற குளிர் அறையை?"

"அதை இவர்தான்..." என்று கேப்டன் பூக்காரனைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. பூக்காரன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

"சாவியைக் கொடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாவி... கீழ... எங்கயோ வச்சுட்டேன்."

"தம்பி, வார்த்தையை வளர்க்க நேரமில்ல. உயிரோட இருக்காரா?"

அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. நர்ஸ் அதைப் பார்த்தாள். அவன் பையைக் கிழித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அறை அடித்தளத்தில், இயந்திரச் சத்தம் காதை அடைக்கும் இடத்தில் இருந்தது. நர்ஸ் சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் தவித்தாள். கேப்டன் வாங்கித் திறந்தார். கதவு திறந்ததும் வெண்புகையாகக் குளிர் கொட்டியது. உள்ளே வாளி வாளியாகப் பூக்கள். மூலையில் பெட்டி அட்டைகளும் பூச்சுற்றும் தாள்களும் குவிந்து கிடந்தன. நர்ஸ் பாய்ந்து அவற்றை வாரி எறிந்தாள்.

அடியில் அவள் கணவர் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தார். உதடு நீலம். நெற்றியில் காய்ந்த ரத்தம். கைவிரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன.

அவள் கழுத்தில் விரல் வைத்தாள். இயந்திரச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இருக்கு," என்றாள். "இருக்கு! ஆட்டாதீங்க, படுத்த வாக்குலயே தூக்குங்க. போர்வை கொண்டாங்க!"

மருத்துவ அறையின் வெளி வராந்தாவில் கேப்டனும் தளம் துடைக்கிறவரும் நின்றிருந்தார்கள். பூக்காரன் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தான். உள்ளே நர்ஸ் கணவரின் மார்பில் வெந்நீர்ப் பைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார் கேப்டன்.

"எங்க வீட்டுக்காரர்தான் எல்லாத்தையும் சொன்னார். என்ன சொன்னோம்னு அவருக்குத்தான் தெரியல," என்றார் இன்ஸ்பெக்டர். வாத்தியார் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று புரியாமல் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "காஞ்ச செருப்பு, மழை விட்டப்புறம் யாரோ கொண்டாந்து வச்சதுன்னு சொல்லிடுச்சு. ஈரக் கண்ணாடி, எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிடுச்சு. சமையல்கட்டுக் குளிர் அறைக்கு ஆள் போக்குவரத்து ஓயாது, அங்க யாரையும் ஒளிக்க முடியாது. மிச்சம் இருக்கிறது பூ அறை. தினமும் பூ மாத்துறவர் இன்னிக்கு மட்டும் மாத்தல. ஏன்? அந்தக் கதவைத் திறக்க அவருக்குத் தெம்பு இல்ல. கடல்ல போனவரைப் பத்திப் பேசறப்போ வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டார். அண்ணன் எங்க விறைச்சுக்கிட்டிருந்தார்னு அவருக்குத் தெரியும்."

பூக்காரன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு பேசினான். "அண்ணன் பேச வந்தான். நான் உள்ள பூ அடுக்கிட்டிருந்தேன். போன வருஷம் நான் குடிச்சுட்டுக் கார் ஓட்டினேன். சைக்கிள்ல போன ஒரு பொண்ணு மேல ஏத்திட்டேன். செத்துட்டா. நிறுத்தாம வந்துட்டேன். பின்னால வந்த லாரி டிரைவரைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. முந்தாநாள் போதையில அண்ணன்கிட்ட உளறிட்டேன். கரை இறங்கினதும் நீயே போய்ச் சொல்லு, இல்லன்னா நான் சொல்வேன்னான். தள்ளினேன். இரும்பு அலமாரியில தலை மோதி விழுந்தான். செத்துட்டான்னு நினைச்சேன். மழை விடற வரைக்கும் அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அப்புறம் செருப்பையும் கண்ணாடியையும் எடுத்துட்டுப் போய் வச்சேன்."

"திரும்பி வந்தியா?"

அவன் முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டான்.

"வந்தேன். உள்ளேருந்து தட்டினான். உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கிடந்துச்சு, அவனால திறக்க முடியாது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டினான். சாவியைப் பூட்டுல போட்டேன்மா. சத்தியமாப் போட்டேன். திருப்ப முடியல. தட்டுற சத்தம் நிக்கட்டும்னு அங்கேயே நின்னேன். நிக்கவே இல்ல. காதைப் பொத்திக்கிட்டு ஓடிட்டேன்."

தளம் துடைக்கிறவர் வாளியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து போய்விட்டார்.

உள்ளே மருந்துக்கடைக்காரர் கண் திறந்தார். உதடு அசைந்தது. நர்ஸ் காதைக் கிட்டே கொண்டுபோனாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

"நானேதான்... உள்ள போய்... மாட்டிக்கிட்டேன்னு சொல்லிடு. அவனை ஒண்ணும் பண்ணச் சொல்லாதே."

நர்ஸ் அவர் நெற்றிக் காயத்தின் மேல் பஞ்சை மாற்றினாள்.

"ஆனா அந்த லாரி டிரைவர்..." என்றார் அவர். "அவன் வெளிய வரணும். அதை மட்டும் விடமாட்டேன்."

அவர் தூங்கிய பிறகு அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். பூக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவனைக் கூட்டிப்போக ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

"அண்ணன்..."

"பொழைச்சுக்குவார். கால்ல ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. பார்க்கணும்."

அவன் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி."

"உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். உங்க அண்ணன் இப்பவே மன்னிச்சுட்டார், எனக்கும் ரொம்ப நாள் ஆகாது." அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா முதல்ல அந்த லாரி டிரைவர் பொண்டாட்டி முன்னால போய் நில்லு. செத்துப்போன பொண்ணோட அம்மா முன்னால போய் நில்லு. அவங்ககிட்ட கேளு. கேட்டுட்டு எங்கிட்ட வா."

அவள் உள்ளே போய்க் கணவரின் பாதங்களைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, மரத்துப்போன விரல்களை உள்ளங்கைகளுக்குள் மெதுவாகப் பொத்திக்கொண்டாள்.