தோற்ற அன்று சுருட்டிய கொடி

"ஐயோ... பட்டுத்துணி! பட்டுத்துணி மேல தண்ணி சொட்டுது பாருங்க!"

ராஜமேரி போட்ட சத்தத்தில், கடைக்குள் ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெளியே பென்னாகரம் பஸ் ஸ்டாண்டே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழை. அவன் தலையிலிருந்து, சட்டையிலிருந்து, தோளில் கிடந்த பச்சைத் துணியிலிருந்து... எல்லா இடத்திலிருந்தும் தண்ணீர். அதில் பாதி, அவள் அப்போதுதான் தைத்து முடித்திருந்த கல்யாண ஜாக்கெட்டின் மேல்.

"மன்னிச்சுக்குங்க... மழைக்கு ஒதுங்கலாம்னு..."

"ஒதுங்குறவங்க ஓரமா ஒதுங்கணும். இப்டி ஏரியையே கடைக்குள்ள கொண்டாந்து வுடுவாங்களா?"

அவன் சிரித்துவிட்டான். "ஏரியத்தாங்க கொண்டாந்திருக்கேன்!"

தோளில் கிடந்த துணியை எடுத்து விரித்தான். பெரிய பச்சைக் கொடி. நடுவில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த ஒரு பறவை. பஸ் ஜன்னலில் மாட்டி ஓரம் கிழிந்திருந்தது. மேலே ஆங்கிலத்தில் 'லேக் ரோவர்ஸ்' என்று எழுத்து.

ராஜமேரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "வாத்து நல்லாத்தான் இருக்குதுங்க."

"வாத்தா? கொக்குங்க!"

"இவ்ளோ குட்டக் கால வெச்சுக்கிட்டு... கொக்காம்!"

கோபத்தோடுதான் நிமிர்ந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் நனைந்த நாவல்பழம் மாதிரி கறுத்து மினுங்கிய கண்கள்... அப்படியே கொடியை அவள் பக்கம் நீட்டிவிட்டான்.

அவன் பெயர் இன்னாசிராஜ். ஏரியூர்க்காரன். பெங்களூரில் ஒரு மில்லில் ஃபிட்டர். அந்த மில்லின் கால்பந்து டீம்தான் லேக் ரோவர்ஸ். சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கிற பெரிய டீம். அதற்குக் கொடி தூக்கிக் கத்துகிற கூட்டத்தில் பாதிப் பேர் தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு இன்னாசிராஜ்தான் தலைவன் மாதிரி. அடுத்த மாதம் அந்த டீம் தர்மபுரிக்கே வருகிறது, சேலம் டீமோடு ஆட. மைதானம் முழுக்கப் பச்சைக் கொடியாகப் பறக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"இதே மாதிரி இன்னும் நெறயக் கொடி தைச்சுத் தருவீங்களா?"

"தருவேன். ஆனா கொக்குக்குக் கால நீட்டித்தான் தைப்பேன்!"

அது எண்பத்து மூன்றாம் வருடத்துப் புரட்டாசி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பெங்களூரிலிருந்து வருகிறவன், ஏரியூர் பஸ்ஸைப் பிடிக்காமல் நேராக அவள் கடைக்குத்தான் வந்தான். கொடி முடிந்ததா என்று கேட்பான். இல்லை என்பாள். சரி என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கடையில் கைத்தையல் போடும் புஷ்பமேரி உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொள்வாள்.

"யாருங்க இந்தக் கொக்கப் புடிச்சாந்து கொடியில போட்டது?" என்று ஒருநாள் கேட்டாள் ராஜமேரி.

அவ்வளவுதான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அது பெரிய கதைங்க. அந்தக் காலத்துல பெங்களூர் அல்சூர் ஏரியில வண்டல் அள்ளுற நம்ம சனங்க ஆரம்பிச்ச டீம் இது, அப்பறந்தான் மில்லு எடுத்துக்கிச்சு. காலுக்குச் செருப்புகூட இல்லியாம். மொத மொதல்ல வெள்ளக்கார சிப்பாய்ங்களோட ஆடுனாங்க. அன்னிக்கு ஒரு கொக்கு வந்து கோல் கம்பத்து மேல உக்காந்துச்சு. ஆட்டம் முடியற வரைக்கும் அசையவே இல்ல. அந்தக் கம்பத்துக்குள்ள ஒரு பந்துகூட போவல!"

"கொக்கே கோலியா நின்னுருச்சா?"

"சிரிக்காதீங்க... அன்னிக்கு ஆட்டம் பாக்க வந்த ஒரு அம்மா, தன் பச்ச சீல முந்தானையக் கிழிச்சுக் கம்புல கட்டித் தூக்குச்சாம். அதான் மொதக் கொடி. இந்தக் கொடிக்கு ஒரு பழக்கம் இருக்குதுங்க. ஜெயிச்ச அன்னிக்குச் சுருட்டித் தோள்ல போட்டுக்கலாம். தோத்த அன்னிக்கு மட்டும் சுருட்டவே கூடாது. விரிச்சே புடிச்சுக்கிட்டு வூடு வரைக்கும் நடக்கணும்."

"ஏங்க அப்டி?"

"தோத்தாலும் இது எங்க டீமுதான்னு நாலு பேருக்குத் தெரியணுமில்ல?"

ராஜமேரி மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். தோற்றாலும் விட்டுவிடாத ஒருத்தன்... இப்படி ஒருத்தன் கையைப் பிடித்துவிட்டால்... நினைக்கும்போதே காது மடல் சூடாகியது. குனிந்து, அறுந்து போகாத நூலை ஊசியில் மறுபடி கோத்தாள்.

ஆட்டத்து அன்று ராஜமேரியும் புஷ்பமேரியும் தர்மபுரிக்கே போயிருந்தார்கள். மைதானத்தில் அவள் தைத்த கொடிகள்... காற்றில் கொக்குகள் நீளக் காலோடு பறந்தன. கூட்டத்தின் நடுவிலிருந்து இன்னாசிராஜ் அவளைப் பார்த்துக் கொடியை ஆட்டினான். அவள் வெட்கத்தில் புஷ்பமேரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

ஆனால் ரோவர்ஸ் தோற்றது. சும்மா இல்லை... சொந்த ஊர் சனங்களுக்கு முன்னால், மூன்று கோல் வாங்கி.

சேலத்துப் பையன்களின் கேலியைக் கேட்டபடி இன்னாசிராஜ் விறுவிறுவென்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தேற்றத்தான் ராஜமேரி பக்கத்தில் போனாள். என்ன பேசுவதென்று தெரியாமல், விளையாட்டாக வந்துவிட்டது வாயில்.

"என்னாங்க... தோத்த அன்னிக்குச் சுருட்டக் கூடாதுன்னீங்க? எங்கிட்ட சொன்னதெல்லாம் சும்மாவா?"

சுற்றியிருந்த அவன் சிநேகிதர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இன்னாசிராஜின் முகம் கறுத்தது.

"தைக்கச் சொன்னா தைச்சுட்டுப் போ. எங்க டீமப் பத்தி உனக்கு என்னா தெரியும்? தையக்காரி தையக்காரியா இரு!"

இத்தனை நாள் 'நீங்க' என்றவன் 'நீ' என்றான். அதுவும் இத்தனை பேர் முன்னால்...

ராஜமேரி திரும்பி நடந்தாள். கண்ணீர் மட்டும் பஸ் ஏறும்வரை காத்திருக்கவில்லை.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். அன்றும் மழை. வாசலிலேயே நின்றான்.

"மேரி இருக்காங்களா?"

"இல்லீங்களே..." என்றாள் புஷ்பமேரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

திரைக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கும் என்று அவளுக்கும் தெரியும். ஊசிக்கடியில் துணியே இல்லாமல், நிறுத்தாமல் மிதித்துக்கொண்டிருந்தாள் ராஜமேரி. இன்னொரு தரம் கூப்பிட்டால் போதும்... ஒரே ஒரு தரம்... எழுந்து போய்விடுவாள். அவனோ, நிறுத்திவிட்டு வருவாள் என்று நின்றான்.

பெங்களூர் பஸ் ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான்.

அதன்பின் வரவேயில்லை.

நாலு வருடம் ஓடிவிட்டது. அப்பா அல்போன்ஸ் கொண்டுவந்த மாப்பிள்ளைகளில் ஒருத்தன் குட்டை, ஒருத்தன் குடிகாரன், ஒருத்தன் சும்மாவே பிடிக்கவில்லை. அப்பாவும் அலுத்துப்போய்ப் பேச்சை விட்டுவிட்டார். ஒருநாள் டீத்தூள் பொட்டலம் கட்டிவந்த பேப்பர்த் துண்டில் ஒரு சின்னச் செய்தி... லேக் ரோவர்ஸ் டீமை மில் கலைத்துவிட்டதாம். பாவம், எப்படித் தாங்குவான்? அடுத்த பஸ்ஸிலேயே பெங்களூருக்குப் போய்விடலாமா என்றிருந்தது. 'அவன் ஒரு தடவை வரட்டுமே' என்று உள்ளே ஒரு பிடிவாதம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு இப்படி வாசித்துத் தடை இல்லை என்றால்தான் கல்யாணம்.

"ஏரியூர் சவரி மகன் இன்னாசிராஜுக்கும், நமது பங்கைச் சேர்ந்த வேளாங்கண்ணி மகள் தெரசாவுக்கும்... முதலாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால்..."

ராஜமேரி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தடை... என்ன தடை இருக்கிறது? மேல்சாதி கீழ்சாதியா? வேற மதமா? ஒன்றுமே இல்லாமல் கெடுத்துக்கொண்டவள் என்ன சொல்லி எழுந்து நிற்பாள்?

அந்த வாரம், நூல் வாங்க தர்மபுரிக்குப் புறப்பட்டாள். இண்டூர் தாண்டியதும் பஸ் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்துப் பூட்டிய பெட்டிக்கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். பக்கத்தில் யாரோ நனைந்துகொண்டு நின்றார்கள். திரும்பினாள்.

அவன்தான். பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறான்.

அவன் நனையாமல் நிற்க, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஓலையில பேரு கேட்டேங்க," என்றாள்.

"ம்... கல்யாணத் துணி எடுக்கத்தான் போறேன்."

"உங்க டீமப் பத்தியும் பேப்பர்ல பாத்தேன்."

"கடைசி ஆட்டமும் தோத்துட்டோம். எல்லாரும் கொடிய விரிச்சுப் புடிச்சு அல்சூர் வரைக்கும் நடந்தோம். அப்ப..." நனைந்த சட்டை முனையைப் பிழிந்தான். "அப்ப உங்க ஞாபகம்தாங்க. அன்னிக்கு நீங்க சொன்னது நெசம். நெசம்னு தெரிஞ்சதாலதான் அப்டிக் கோவம் வந்துருச்சு. ஒவ்வொரு லீவுக்கும் பஸ்ஸு உங்க கடையத் தாண்டும். எறங்கலாம்னு எந்திரிப்பேன். ஒருக்கா போயி நின்னாச்சு, அவங்களே கூப்புடட்டும்னு மறுபடி உக்காந்துக்குவேன்."

"நான் ஒவ்வொரு பெங்களூர் பஸ்ஸுக்கும் எட்டிப் பாத்தேங்க..."

அவன் சட்டென்று திரும்பினான். "மேரி... இன்னும் ரெண்டு ஓலை இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

அவள் நெஞ்சு தாவியது. சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை...

"தெரசாவுக்கு உங்களப் புடிச்சிருக்கா?"

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ரொம்ப..." என்றான். "நிச்சயம் ஆன அன்னிக்குச் சந்தோசத்துல அழுதுருச்சு."

ராஜமேரி கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்ப வேணாங்க. ஒருத்தரு கூப்புடட்டும்னு ஒருத்தரு வீம்புல இருந்தது நாம. அதுக்கு அந்தப் பொண்ணு ஏன் அழணும்?"

கண்டக்டர் விசில் அடித்தார். நின்றிருந்தவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். இன்னாசிராஜ் நகரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு... உங்களுக்கு எம்மேல..."

"ஆசப்பட்டேங்க." மழையிலும் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "கொடியெல்லாம் மொத வாரத்துலயே தைச்சு முடிச்சுட்டேன். முடிஞ்சுருச்சுன்னா நீங்க வர மாட்டீங்கன்னு ஒளிச்சு வெச்சிருந்தேன். அவ்ளோ ஆசப்பட்டேன்."

அவன் கை அவள் பக்கம் பாதி தூரம் நீண்டு, திரும்பிப்போனது.

ராஜமேரி முன்படியில் ஏறி, பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் பின்படியில் ஏறும் சத்தம் கேட்டது. தர்மபுரி வரும்வரை அவள் திரும்பவில்லை. இறங்கிய கூட்டத்தில் அவன் எந்தப் பக்கம் போனான் என்றும் பார்க்கவில்லை. பார்த்தால்... இந்தத் தடவை நிச்சயம் கூப்பிட்டுவிடுவாள்.