வாசற்படியில் நட்ட சிவப்புக் கொடி

சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் கட்டிலைத் தேடுவார்கள். ஓய்வுபெற்ற அந்த எஞ்சின் டிரைவர் மாடியறையைத் தேடுவார். அங்கே கதவளவு பலகையில் மூன்று தண்டவாளம், ஒரு பொம்மை எஞ்சின், ஐந்து சரக்கு வேகன். எதை எங்கே கொண்டுபோய் விட வேண்டுமென்று சீட்டு எழுதிவைத்து, ஒவ்வொரு வேகனாகக் கழற்றி, தள்ளி, மாட்டுவார். கொக்கியைக் கழற்ற ஓர் ஆள் நடந்துபோகும் நேரத்தைக்கூட எண்ணிக் காத்திருப்பார்.

"பொம்மைக்குப் போய் இவ்வளவு சட்டமா? நிஜ ரயில் ஓட்டினப்பகூட நீங்க இப்படி இல்ல" என்பாள் மனைவி.

விளையாட்டாகத்தான் சொல்வாள். அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

அன்று மழை மூட்டம். அறைக்குள் கிரீஸ் வாடை அடித்தது. அவர் கிரீஸைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது.

எஞ்சினுக்கு முன்னால், தண்டவாளத்தின் நடுவே, தீக்குச்சி உயரத்தில் ஒரு சிவப்புக் கொடி நின்றது.

அதை அவர் வைக்கவில்லை. கொக்கி மாட்டுகிறவன் வேகன்களுக்கு நடுவே நுழையும்போது அப்படித்தான் கொடி நட்டுவிட்டுப் போவான். வெளியே வந்ததும் நட்டவனேதான் பிடுங்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இவர் தொட்டார். வேலை முடிகிற நேரம், வீட்டுக்குப் போகிற அவசரம். ஆள் வெளியே வந்திருப்பான், கொடியை மறந்திருப்பான் என்று தானாகவே முடிவு கட்டி, பிடுங்கி எறிந்துவிட்டு எஞ்சினை நகர்த்தினார். விசாரணையில், "எந்தக் கொடி? அங்க கொடியே இல்லையே" என்று ஒரே போடாகப் போட்டார். பழி செத்தவன் தலையிலேயே விழுந்தது. அவன் பெண்டாட்டி இன்றைக்கும் தெருவில் தலைகுனிந்துதான் போகிறாள், பாவம்.

"நீ மேல வந்தியா?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

"இந்த முட்டிவலியோட நான் எதுக்கு மாடியேறப் போறேன்?"

இப்போதாவது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். இத்தனை வருஷம் காத்த மானம் போய்விடுமே. விழுங்கிவிட்டார். கொடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு, சுவரிலிருந்து பிளக்கையும் உருவிவிட்டுக் கதவுக்கு நடந்தார்.

வாசற்படியில் கொடி நின்றது.

இப்போது முழு உயரம். துணியில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை.

சட்டைப்பையைத் தடவினார். காலி.

கொடி நட்டிருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அறைக்குள் இருந்த ஆள் அவர்தான்.

மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம். "என்னங்க, கூப்பிட்டுட்டுப் பேச்சையே காணோம்?"

"அங்கயே நில்லு" என்றார். "கொடியத் தொட்டுடாத."

அவள் நிற்கவில்லை. அவள் புடவைத் தலைப்பு பட்டு, கொடி சத்தமில்லாமல் சாய்ந்தது.

"எந்தக் கொடி?" என்றாள் அவள். "இங்க கொடியே இல்லையே."

அவர் முதுகுக்குப் பின்னால், பிளக் உருவிக் கிடந்த எஞ்சின் நகரத் தொடங்கியது.