முழுசாகப் படித்த ஒருத்தர்

வைகறை நகரத்து ஆறுதலகத்தில் சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு கிண்ணம் பாயசம் கொடுப்பார்கள். செவ்வாய் கிரகத்தில் பால் ஏது, பாசிமாவில் காய்ச்சிய பாயசம்தான். ஆனாலும் சப்புக்கொட்டிக் குடிப்பார்கள். தலையிலிருந்து ஒரு நாவல் இறங்கினால் நன்றாகப் பசிக்குமாம். அன்று காலை வரிசையில் பதினான்கு பேர் நின்றார்கள். பத்து நாவல், மூன்று கவிதைத் தொகுப்பு, ஒரு தன்வரலாறு. தன்வரலாறு எழுதியவருக்கு மட்டும் அவருடைய பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார்கள்.

எதிர்ச் சுவரோரம் நின்று நல்லசிவம் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அவருடைய நாவல் ஏழாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

அந்த நகரத்தில் ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள். முக்கால்வாசி வேலையை இயந்திரங்கள் பார்த்துக்கொண்டதால் அவர்களில் ஏழாயிரம் பேர் எழுத்தாளர்கள். எழுதியதைத் தேர்வி என்ற இயந்திரம் நான்கு விநாடியில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மிகவும் பணிவாக வேண்டாம் என்று சொல்லும். ஒரு காலத்தில் அந்தப் பணிவைத் தாங்க முடியாமல் சிலர் சாப்பாட்டை விட்டார்கள். ஒருத்தர் காற்றுக்கதவைத் திறந்துகொண்டு கவசமில்லாமல் வெளியே நடந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் ஆறுதல் சட்டம். ஏழு முறை ஒதுக்கப்பட்ட படைப்பை அதிலிருந்து எட்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்குள் எழுதியவரின் தலையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் பதித்திருக்கும் நினைவுமணி, அந்தப் படைப்பின் இழைகளைத் தேடிப் பிடித்து உருவிவிடும். வலிக்காது. அப்படி ஒன்றை எழுதினோம் என்பதே மறுநாள் தெரியாது, பிறகு வருத்தம் எங்கிருந்து வரும்?

ஒரே ஒரு சங்கடம். அந்த இழைகளோடு பின்னிக்கிடக்கிற மற்றதும் சேர்ந்து வந்துவிடும். நல்லசிவத்தின் பக்கத்து வீட்டு அம்மாள் தன் இல்லறத்தை நாவலாக எழுதியிருந்தாள். ஆறுதல் முடிந்து வீட்டுக்குப் போனவள், சமையலறையில் நிற்கிற அந்த ஆள் யார் என்று மகளிடம் கேட்டாள்.

நல்லசிவம் எழுதியிருந்தது தம்பி சங்கரபாண்டியைப் பற்றி. நகரத்தை மூடியிருக்கும் குமிழுக்கு வெளியே குழாய் பதிக்கப் போனவன், கவசத்தின் கழுத்துப் பூட்டு விட்டுப்போய் இறந்தான். அவன் சோற்றைப் பிசைகிற விதம், கோபம் வந்தால் பேசாமல் செருப்பைத் துடைக்கிற பழக்கம், கடன் வாங்கிய சட்டையைத் தன் சட்டை என்று சாதிக்கிற அழும்பு, எல்லாம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இருந்தன. இனி அந்த நாவலை உருவினால் தம்பியில் என்ன மிஞ்சும்? ஒரு தம்பி இருந்தான் என்று ஆவணத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறுதலகத்து அதிகாரி ரெக்ஸலின் நல்ல பெண். சட்டத்தில் இருக்கிற ஒரே ஓட்டையையும் அவள்தான் காட்டிக்கொடுத்தாள்.

"தன்வெளியீடு பண்ணிருங்க. ஆனா வெளியிட்டா மட்டும் போதாது. இன்னொரு மனுசர் தலையில உங்க நாவல் முழுசா இருக்கணும். ஒரு ஆள் போதும். அது அங்க இருக்கிற வரைக்கும் நாங்க தொட மாட்டோம்."

முழுசா இருக்கிறதா என்பதை வாசிப்புமானி சொல்லும். படிக்கிறவரின் கண் எந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றது என்பது வரை அது கணக்கு வைத்திருந்தது.

தேர்வி ஒதுக்கியதைத் தானே வெளியிடுகிறவர்களை நல்லசிவம் வாய் வலிக்க நக்கலடித்தவர். இப்போது அட்டைக்குப் படம் தேடவும் அவருக்கு நேரமில்லை. அன்று மாலையே வெளியிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பாராட்டுகள் குவிந்தன. சொந்த அக்கா அழுதேவிட்டதாகச் சொன்னாள். எழுத்தாளர் சங்கத்தில் நாற்பது பேர் மலர்க்கொத்துப் படம் அனுப்பினார்கள். மானியைப் பார்த்தார். அக்கா ஒன்றரைப் பக்கம். சங்கம் முழுவதும் சேர்ந்து ஆறு பக்கம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை, பாவம். எல்லோரும் சாறுபிழி பதித்தவர்கள். முதல் பக்கத்தைப் பார்த்த நொடியில் அது கதைச் சாரத்தைப் பிழிந்து, உரிய உணர்ச்சியோடு மூளையில் ஊற்றிவிடும். அக்காவின் கண்ணீர் நிஜமான கண்ணீர்தான். சாறுபிழியை அணைத்துவிட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால், ஏற்கெனவே படித்ததை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் நல்லசிவத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியின் குரல் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் சோதித்துப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் செங்கமலம் வந்தார். பாசித் தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர். அவருடைய நாவலும் அதே நாளில் ஏழாம் முறை திரும்பியிருந்தது.

"அண்ணாச்சி, எனக்கும் அதே கெடுதான். நான் உங்களுதைப் படிக்கேன், நீங்க என்னுதைப் படிங்க. ரெண்டு பேரும் தப்பிச்சிருவோம்."

இருவரும் சாறுபிழியை அணைத்துவிட்டுத் தோட்டத்து ஓய்வறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதலில் நல்லசிவத்தின் நாவல் என்று முடிவு செய்து, செங்கமலம் கண் சிவக்கப் படித்தார். படிக்கும்போதே, தன் நாவலிலும் இப்படி ஓர் இடம் வருகிறது, ஆனால் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதுகிறவர்கள் படிக்கிற விதம் அதுதான். ஐந்தாம் நாள் மாலை மானியில் பச்சை விளக்கு எரிந்தது. முழுசாகப் படித்தவர்: ஒருவர்.

நல்லசிவம் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். சங்கரபாண்டி பிழைத்தான்.

செங்கமலத்தின் நாவலைப் படிக்க அவருக்கு இரண்டரை நாள் முழுதாக இருந்தது. நேர்மையாகத்தான் உட்கார்ந்தார். பதினோரு பக்கம் படித்தார், நன்றாகவும் இருந்தது. இடையில் சும்மா மானியைத் திறந்து, தன் நாவலில் செங்கமலத்தின் கண் எங்கெல்லாம் கூடுதலாக நின்றது என்று பார்த்தார். நூற்று எழுபதாம் பக்கத்தில் நாற்பது விநாடி நின்றிருந்தது. அப்படி என்ன எழுதினோம் என்று எடுத்துப் படித்தார். அங்கிருந்து மேலே படித்தார். தன் நாவலையே முழுசாக ஒரு தரம் படித்து முடித்தபோது ஏழாம் நாள் ஆகியிருந்தது. செங்கமலம் வந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். பாதி தாண்டிவிட்டதாக நல்லசிவம் சொன்னார். மானியைப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்துச் செங்கமலம் அப்படியே நம்பிப் போனார்.

எட்டாம் நாள் விடிந்ததும் நல்லசிவம் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். மனம் உறுத்தியது. வெறிபிடித்த மாதிரி படித்தால் பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம் என்று பட்டது. ஒன்பது மணிக்கு அந்தப் பக்கமே கையிலிருந்து மறைந்தது. நேரம் பன்னிரண்டு வரை இருக்கிறதே என்று ரெக்ஸலினை அழைத்துக் கத்தினார். மீதிப் பக்கங்களை இனி யாராலும் கெடுவுக்குள் படிக்க முடியாது என்று மானி கணக்குப் போட்டுவிட்டது, அதனால் காலையிலேயே முடித்துவிட்டோம் என்று அவள் சொன்னாள். பிறகு, அவருடைய நாவலின் மானியையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னாள்.

முழுசாகப் படித்தவர்: யாருமில்லை.

"அவங்க உங்களுதைப் படிக்கும்போதெல்லாம் தன் நாவலையேதான் நினைச்சிருக்காங்க சார். ரெண்டும் ஒரே இழையா பின்னிக் கிடந்துச்சு. உருவினப்ப சேர்ந்தே வந்துருச்சு. உங்களுது ஒரு தடவை பச்சை எரிஞ்சதால மானி முன்கூட்டிக் கணக்குப் போடாது, பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

நல்லசிவம் ஓடினார். ஓடும்போதே சங்கரபாண்டி சிரிப்பதை நினைத்துப் பார்த்தார், இன்னும் இருந்தான். பாசித் தோட்டத்தில் செங்கமலம் தொட்டிகளுக்கு நடுவே ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நல்லசிவம் மூச்சு வாங்க நாவலை நீட்டினார். முன்பே ஒரு தடவை கண் சிவக்கப் படித்தீர்களே அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை, சாறுபிழியை அணைத்துவிட்டு, என்று கெஞ்சினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை மூன்று மணி நேரத்துக்குள் யாராலும் படிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கெஞ்சினார்.

முன்பின் தெரியாத ஒருவர் இப்படி வியர்த்து வழிந்து நிற்பதைப் பார்க்க செங்கமலத்துக்கு இரக்கமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தை வாங்கி ஒரு நொடி பார்த்தார். கண் கலங்கியது.

"படிச்சிட்டேன் சார்," என்றார் அன்பாக. "உங்க தம்பி கண்ணு முன்னாடியே நிக்கான்."