அணைத்த பிறகும் வந்த எழுத்து

001 என்று வந்ததுதான் பாண்டித்துரைக்கு முதலில் உறுத்தியது.

வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் எழுத்துப் போட்டி அது. பேச்சே கிடையாது. கணினியில் தட்டும் எழுத்து, ஏறி இறங்கும் இரண்டு சுரங்களாக மாறி வானத்தில் போகும். எங்கோ ஒருவரின் திரையில் மறுபடி எழுத்தாக விழும். யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு அழைப்பு, நன்றாகக் கேட்கிறது என்பதற்கு 599, கூடவே இது தனக்கு எத்தனையாவது தொடர்பு என்ற எண். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. சனிக்கிழமை விடியலில் தொடங்கிய போட்டியில் பாண்டித்துரை 387 வரை வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஒன்றாம் நம்பரோடு வந்து நிற்பவர் யார்?

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அந்த அலைவரிசை வெயிலை நம்பிப் பிழைப்பது. பொழுது போனால் வெளிநாடெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அதன்பிறகு ஏதாவது கேட்டால் அது பக்கத்து மலையில் இருப்பவராகத்தான் இருக்கும். போடிமெட்டுக்கு மேலே அந்த மலைகளில் பாண்டித்துரையைத் தவிர ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர் யாருமில்லை.

தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அவர். தோட்டக்காரர்களுக்கு ஒட்டுச் சுவரோடு வரிசையாகக் கட்டிய லயத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடு. சுவர் வெடித்துவிட்டது என்று பதினோரு குடும்பமும் புதுக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டன. அங்கே ஏரியல் கட்ட இடமில்லை என்று இவர் மட்டும் அசையவில்லை. மனைவி ராமலட்சுமி சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, போடியில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம்கூட போன் செய்தாள்.

"அந்தப் பெட்டிய அமத்திட்டு அஞ்சு மணி ஜீப்புல எறங்கி வாங்களேன். அங்க பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு உண்டா?"

"காலையில வந்துர்றேன் புள்ள. இங்க நூறு பேரு கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கான்."

ஜம்பம்தான். இப்போது ஒரு மணி நேரமாக ஒருவரும் கூப்பிடவில்லை. ஜீப்பும் போய்விட்டது. ஜன்னலில் மஞ்சு மூட்டம் அப்பிக்கொண்டிருந்தது. காலி வீடுகளின் ஈரச் சுவர் வாடை கதவிடுக்கு வழியே வந்தது. யாராவது ஒருத்தர் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

அப்போது வந்ததுதான் அந்த 001. லைசென்ஸோடு கொடுக்கும் பெயர்க்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதன் பின்னால் ஒரு கேள்வி: எந்த இடம்?

போட்டியில் யாரும் ஊர் கேட்பதில்லை. ஆனால் இரண்டு நாளாகப் படிக்காமலே பொத்தானை அமுக்கிப் பழகிய விரல், பெயரும் ஊரும் அனுப்பும் பொத்தானைத் தட்டிவிட்டது. பாண்டித்துரை. மேல் டிவிஷன் லயம். கடைசி வீடு. அனுப்பி முடிந்த பிறகுதான் கேள்வியையே அவர் ஒழுங்காகப் படித்தார். சரி, போகிறது, ஒரு ஆள் கிடைத்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டார்.

ஐந்து நிமிடத்தில் அதே ஆள், பெயர்க்குறி இல்லாமலே, மறுபடி வந்தது. 599 002.

ஒரே ஆளை இரண்டு முறை கூப்பிடுவது மறதியில் நடப்பதுதான். ஆனால் 002 என்றால், இடையில் அது வேறு யாரோடும் தொடர்பு கொள்ளவில்லை. அதன் கணக்கில் இருக்கும் இரண்டு பேருமே பாண்டித்துரைதான். சிக்னல் காட்டும் முள் முன்பைவிட இரண்டு கோடு மேலே ஏறியிருந்தது.

003. முள் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரே அதிர்ந்தது.

ஏரியல் கேபிளைத் திருகிக் கழற்றினார். கழன்ற முனையைக் கையில் பிடித்திருக்கும்போதே திரையில் எழுத்து விழுந்தது. 004.

ரேடியோவை அணைத்தார். முள் படுத்தது. அதன் விளக்கு போனது.

005.

எழுத்து அனுப்பத்தான் லேப்டாப்பிலிருந்து ரேடியோவுக்கு வயர் உண்டு, வாங்குவதற்குக் கிடையாது. தன் மைக்கில் கேட்கும் சத்தத்தைத்தான் அது எழுத்தாக்கும். அப்படியானால் சத்தம் இங்கேதான் இருக்கிறது. காற்றில். மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்.

இருந்தது. மெல்ல. லயத்தின் அந்தக் கோடியில், பூட்டிய முதல் வீட்டுக்குள். ஏறி இறங்கும் இரண்டு சுரம். இயந்திரத்தின் சுத்தம் அதில் இல்லை. நடுநடுவே மூச்சு வாங்கியது. எச்சில் விழுங்கியது.

அடுத்த வீட்டுக்குள் கேட்டது. அதற்கடுத்த வீட்டில். சுவர் சுவராக. பக்கத்து வீட்டில்.

நின்றது.

கதவுக்கு வெளியே, ஆள் வாய் இருக்கும் உயரத்தில், தொடங்கியது. திரையில் அவருடைய பெயர் வந்தது. பிறகு 599 006. பிறகு அமைதி. அனுப்பியவர் காத்திருக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அது காத்திருந்தது.

பயம் தாங்கவில்லை. ராமலட்சுமியைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சுரம் வந்தது. மேலே. கீழே. மேலே. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வந்தது. திரையில் அவருடைய பெயர்க்குறி எழுத்து எழுத்தாக விழுந்து, அதன் கீழே அவர் இரண்டு நாளாக ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த அதே வரி வந்து நின்றது: யாராவது இருக்கிறீர்களா?

பூட்டிய பதினோரு வீடுகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லின.