அடித்துத் திருத்திய ‘லா’

மாரக்காள் சேலைப் பொட்டலத்தை இறக்கிக்கூட வைக்கவில்லை. செங்கோட்டையன் வீட்டு வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

“சாமி, எங்கூட்டுக்காரரு மூணு நாளு பஸ் ஏற வந்த சனத்தை எண்ணாம டீக்கடையில தூங்கிட்டாருன்னு ஆபீசரு எழுதிட்டாருங்க. இன்னைக்கு மூணு மணிக்கு வேலையை விட்டு நிறுத்திப் போலீசுல வேற குடுக்கறாங்களாமா. அந்த மூணு நாளும் நானும் அங்கதானுங்க பஸ் ஏறினேன். என்னையும் சேர்த்துத்தான் எண்ணினாரு!”

செங்கோட்டையன் முப்பது வருடம் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிப்பார். பக்கத்து வீட்டு வசந்தாமணி டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துபவள். யாராவது புகாரோடு இவர் வாசலில் நின்றால் போதும், வகுப்பைப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

விஷயம் இதுதான். 1984-ல் சேலத்துக்கு ஒரு யோகம் அடித்தது. பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை வரப்போகிறதாம். வேறு வண்டி நுழையக் கூடாதாம். பஸ் ரயிலாகப் பறக்குமாம். வரைபடத்தில் கலர் பென்சிலால் கோடு கிழிக்க ஓர் அதிகாரியும் வந்து இறங்கினார். பாதை நெசவாளர்கள் நிறைந்த தறிப்பேட்டை வழியா, முள் முளைத்த புது ரோடு வழியா என்பதுதான் கேள்வி. தறிப்பேட்டை நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று மூன்று நாள் எண்ணும் வேலை மாரக்காளின் கணவன் குழந்தைவேலுக்கு. ஃபைலில் இருந்த விடை, நாளுக்கு நாற்பது பேர்.

நாற்பதாம்! தறிப்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போனாலே வாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும். செங்கோட்டையன் பழைய கண்டக்டர் ஒருவரிடம் கேட்டார். காலை ஒரு நடையிலேயே அங்கே முப்பது டிக்கெட் கிழிகிறதாம்.

“ஆக, தாள் பொய். எழுதின கை யாருதுன்னு பார்க்கோணும். வா அம்மிணி,” என்றார் வசந்தாமணியிடம். மாரக்காளும் பின்னாலேயே வந்தாள்.

திட்ட அலுவலகம் லாரி முதலாளி மணியன் கட்டடத்தின் மாடியில் இருந்தது. அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று மணியனிடம்.

“தறிப்பேட்டை ரோட்டுல பஸ் மட்டும்தான் போகோணும்னா, என்ற லாரியை எங்கீங்க நிறுத்தறது? தலை மேலயா?” என்று கீழே நின்ற மணியன் எரிந்து விழுந்தார்.

“புது ரோட்டுல என்னங்க இருக்குது?”

“முள்ளும் ஓணானும். ஆத்தூரு நெல்லு மண்டி சடையன் பத்து ஏக்கரா வாங்கிப் போட்டிருக்கறாரு. வேற ஒண்ணும் இல்லீங்க.”

மாடியில், மேஜை மேல் பெயர்ப் பலகை: ‘ச. ராசப்பன், திட்ட அதிகாரி.’ சேலத்துச் சித்திரை வெயிலில் டை கட்டியிருந்தார் மனுஷன். ஜன்னல் ஓரத்தில் அவருடைய டிபன் கேரியர், மேடை கறையாகாமல் இருக்க அடியில் வைத்த காகிதக் கற்றை மேல் நின்றது. பஸ்ஸுக்குத் திட்டம் போடும் இந்த மகானுபாவர் சேலத்தில் ஒரு நாளாவது பஸ் ஏறியிருப்பாரா? ஜீப்புதான்.

“நான் மெட்ராஸ்ல பிறந்து வளர்ந்தவன். தலை எண்ணுறது கூலி ஆள் வேலை. அந்தத் தாளை நான் தொட்டதுகூட இல்லை,” என்றார்.

மூலையில் கைகட்டி நின்ற குழந்தைவேல் மெல்லச் சொன்னான்: “நான் பென்சில்லதானுங்க எழுதினேன். இது பேனா.”

“தூங்கி எழுந்து பேனாவில் எழுதியிருப்பே!”

செங்கோட்டையன் ஃபைலில் இருந்த தாள்களை வெளிச்சத்தில் பிடித்தார். மணிக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் முதல் வரிசை எண்ணை மட்டும் அடித்து, மேலே ‘1’ எழுதியிருந்தது. அடித்த கோட்டுக்கு அடியில் தெரிந்த எழுத்து ‘லா’.

வசந்தாமணி துள்ளினாள். “அண்ணா, லாரி! மணியன்தான். கை பழக்கத்துல எழுதிட்டாரு!”

“லாரிக்காரன் எல்லாத் தாள்லயும் எதுக்கு அம்மிணி லாரின்னு எழுதறான்? பொறு.” அவர் மணியனையும் மேலே அழைத்தார். “தாளை எல்லாரும் ஒருக்கா எண்ணிருங்க. அப்புறம் ஒண்ணு குறைஞ்சா என்மேல பழி வரக் கூடாது.”

மணியன் சலித்துக்கொண்டே எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு…” முப்பத்தாறு.

செங்கோட்டையன் கற்றையை வாங்கிக் குழந்தைவேலிடம் கொடுத்தார். அவன் எண்ணினான். “ஒண்ணு, ரெண்டு…” முப்பத்தைந்து.

“பார்த்தீங்களா? தாளையே எண்ணத் தெரியாத முண்டம், ஆளை எங்கே எண்ணும்?” ராசப்பன் கற்றையைப் பிடுங்கினார். கட்டை விரலை நாக்கில் தொட்டு வேகமாகத் தள்ளினார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…”

சட்டென்று நின்றார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

செங்கோட்டையன் தன் துண்டுக்கு அடியிலிருந்து முப்பத்தாறாவது தாளை எடுத்து வைத்தார். “குழந்தைவேல் சரியாத்தான் எண்ணினான். இதை நான்தானுங்க ஒளிச்சேன். நெல்லு மண்டியில மரக்கால் போடறப்ப ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. உங்க கையும் அப்படியே ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் பார்த்து எல்லாத் தாள்லயும் அடிச்சுத் திருத்தினீங்க. ச. ராசப்பன்ல அந்த ‘ச’ உங்கப்பா ஆத்தூர்ச் சடையன்தானுங்களே? புது ரோட்டுல பத்து ஏக்கரா!”

ராசப்பனின் முகம் கறுத்தது. “அது… ஊர் வழக்கம். எல்லாரும் சொல்றதுதானே!”

“நெல்லை அளக்கறப்ப எல்லாரும் சொல்லுவாங்க. ஆளை எண்ணறப்பவும் லாபம் பார்த்தது நீங்க ஒருத்தருதானுங்க.”

“இவன் எழுதின தாள் வேற இருந்தா காட்டுங்க!”

“திருடனுக்குப் பயம் இருக்கும், ஒளிப்பான். உங்களுக்கு அந்தப் பயங்கூட இல்லீங்களே. இந்தச் சனம் என்ன கேட்கப்போகுதுங்கற இளக்காரம்.” செங்கோட்டையன் ஜன்னலுக்குப் போய் டிபன் கேரியரைத் தூக்கினார். அடியில் வட்டவட்டமாகக் குழம்புக் கறையோடு முப்பத்தாறு தாள்கள், எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் போட்ட பென்சில் கோடுகள். வசந்தாமணி கூட்டிப் பார்த்தாள். நாளுக்கு அறுநூறுக்கு மேல்.

மணியனே காறித் துப்ப ஜன்னலைத் தேடினார். “என்ற லாரியை நான் எங்கியோ நிறுத்திக்கறேன். இந்தப் பொழப்புக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம். ரெண்டு கற்றையும் மேலாபீசுக்குப் போகட்டுமுங்க, நான் சாட்சி.”

வேலை நீக்க உத்தரவு மேஜை மேல் கிடந்தது. செங்கோட்டையன் அதை ராசப்பன் முன்னால் நகர்த்தி வைத்தார். ராசப்பன் அதைத் தன் கையாலேயே கிழித்தார். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

மாரக்காள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சில் தாளைப் புருஷனிடம் நீட்டினாள். “இதுல நான் எங்க இருக்கறேன்?”

குழந்தைவேல் கொஞ்சம் தேடி, காலை ஏழு மணித் தாளில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினான். அதன்மேல் கறை மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

அவள் ராசப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங்க ஆபீசரு, அத்தனை படிச்சுப்போட்டு வந்து, என்ற தலை மேலதான் குழம்பை ஊத்தறதுங்களா?”

முந்தானையால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. கோடும் அழியவில்லை.