மைனஸ் பக்கம் சாய்ந்த முள்

காலையில் கொட்டகையைத் திறந்தபோது டிராக்டரின் ஃபேன் பெல்ட் மறுபடியும் சீட்டின் மேல் இருந்தது. அறுந்து விழுந்ததல்ல. யாரோ பக்குவமாகக் கழற்றி, வளைத்து வைத்திருந்தார்கள். சாவி பாஞ்சாலையின் இடுப்பில்தான் இருந்தது. பேட்டரியிலிருந்து புளித்த நெடி வந்தது. தொட்டால் சுட்டது.

வாணியம்பாடியிலிருந்து பைக்கில் மலையேறி வந்த எலக்ட்ரீஷியன் நசீர், பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாக்கா இது, பேட்டரியா இட்லி குண்டானா? தண்ணியெல்லாம் கொதிச்சு வத்திப்போயிருக்கு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக்குது."

"வண்டியையே எடுக்கலியே பாய்."

"அதான் புரியல. கரண்டு சும்மா வராதுக்கா. யார்னா சுத்தணும்."

பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தியது அவர்தான். டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரம் தரும். சரிவில் சின்ன கியரில் மெல்ல இறங்கும்போது ஒன்றும் தராது, விளக்கு மங்கிவிடும். ஆல்டர்னேட்டர் மெல்லச் சுற்றினாலும் தரும். ஆனால் பழைய வண்டியில் பேட்டரியின் பிளஸ் ஒயர் வண்டியின் உடம்போடு கட்டியிருந்தது. புதியதற்கு மைனஸ்தான் உடம்பில் இருக்க வேண்டும். அதனால் நசீர் பேட்டரியைத் திருப்பி மாட்டினார். "இனிமே எல்லா ஒயர்லயும் கரண்டு எதிர்ப்பக்கமா ஓடும்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். பாஞ்சாலை டார்ச் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வெளிச்சத்துக்காகத்தான் இத்தனையும். போன வருஷம் அவள் புருஷன் சின்னராஜ் புதூர்நாட்டுச் சரிவில் சாமை மூட்டையோடு இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு மங்கியது. வண்டி அவரோடு பள்ளத்தில் போயிற்று; வண்டியை மட்டும்தான் மீட்க முடிந்தது. டிரெய்லரிலிருந்து குதித்துப் பிழைத்த கோபால்சாமிதான் சொன்னான்: "மாமா பாதையப் பாக்கல, அத்த. மீட்டரு முள்ளையே பாத்துனு இருந்தாரு. கண்ணாடிய நகத்தால தட்டித் தட்டி, மைனஸ்ல போவுது, மைனஸ்ல போவுதுன்னாரு."

சார்ஜ் மீட்டரின் முள் வலப்பக்கம் சாய்ந்தால் பிளஸ், பேட்டரி நிறைகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் மைனஸ், தீர்கிறது. சின்னராஜுக்கு அந்த முள்தான் வேதம்.

"பெல்ட்டைக் கழட்டிட்டா பெல்ட் ஓடுற ஆல்டர்னேட்டர் கப்பி மட்டும் லேசா சுத்தும்" என்றார் நசீர். "ஆனா கையால சுத்தி பேட்டரியக் கொதிக்க வெக்க மனுசனால ஆவாதுக்கா." சொல்லிக்கொண்டே கப்பியைத் தொட்டவர் விரலைப் பார்த்தார். பழுப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கிரீஸா பாய்?"

"கிரீஸ் இல்லக்கா."

வைத்த டீயைக் குடிக்காமலே அவர் மலையிறங்கினார்.

அன்று சாயங்காலம் பாஞ்சாலை கொட்டகைக்குள் மூட்டைகளின் பின்னால் உட்கார்ந்தாள். அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: சின்னராஜ் இன்னும் அந்தச் சரிவின் இருட்டிலேயேதான் இருக்கிறாரா? வெளியே பனி இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வர, டீசலும் அழுகிய பலாச்சுளையும் கலந்த வாசனைக்குள் தகரக் கூரை சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்க, எங்கோ மிக அருகில் ரப்பர் இரும்பில் உரசி வழுக்கும் ஓசை மெல்லக் கேட்டது. பெல்ட் சீட்டில் விழுந்தது. கப்பி சுழலத் தொடங்கியது.

யாரும் இல்லை. கப்பி மட்டும்.

ர்ர்ர். ஈரச் சதை இரும்பில் அறைபடும் சத்தம். இன்னும் வேகம். பேட்டரி குமிழியிட்டது.

அவள் எழுந்து செல்போன் வெளிச்சத்தை மீட்டரில் அடித்தாள். முள் மைனஸ் பக்கம் இருந்தது. சுழற்சி கூடியது. முள் இன்னும் மைனஸில் இறங்கியது. சுழற்சி வெறிகொண்டது.

அவளுக்குப் புரிந்தது. எல்லா ஒயரிலும் கரண்டு எதிர்ப்பக்கம். மீட்டர் ஒயரை மாற்ற நசீர் மறந்துவிட்டார். பேட்டரி நிறைய நிறைய, தீர்கிறது தீர்கிறது என்று முள் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி சின்னராஜும் சுற்றிக்கொண்டே இருக்கிறார். தினமும். விரல் தேய.

ஸ்பேனரை எடுத்தாள். மீட்டருக்குப் பின்னால் கைவிட்டாள். பொறி பறந்தது. ஒரு நட்டு. இன்னொன்று. பக்கத்திலேயே மூச்சு. மண் வாடை. இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டி முடுக்கினாள்.

முள் துள்ளி வலப்பக்கம் போய் நின்றது.

"போதுங்க" என்றாள். "ரொம்பிடுச்சி. பாருங்க."

கப்பி தளர்ந்தது. நின்றது. சீட்டின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. அவள் முகத்துக்கு எதிரே மீட்டர் கண்ணாடியில் தட்டும் சத்தம். டிக். டிக்.

நகம் அல்ல. நகம் தேய்ந்து, சதை தேய்ந்து, எலும்பு.